கழித்தல்

உம்பிலோ சாலை ஆய்வகத்தில், இரும்புக் குடுவைக்குள்
என் பாலம் இருக்கிறது.
இரு முனையும் கட்டிய சிலிக்கான் பாலம்.
தலைமயிரின் குறுக்கே கிடத்தினால்
இந்தக் கரையைத் தொடும், அந்தக் கரைக்கு எட்டாது.
நொடிக்கு ஒரு கோடி முறை நடுங்குவது அதன் சுபாவம்.
கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ தட்டினால்
செத்ததுபோல் கிடக்கும்.

ஆன்டெனாவிலிருந்து இருபது கோடி.
மேசைமேல் பெட்டியிலிருந்து பத்தொன்பது கோடி.
இரண்டும் அதன் காதில் விழாது.
ஆனால் மின்னழுத்தம் அதை இழுப்பது
கூட்டலால் அல்ல, கூட்டலின் வர்க்கத்தால்.
பள்ளியில் பாதிப் பேர் எழுத மறந்து
மதிப்பெண் இழந்தோமே, அந்த நடு உறுப்பு,
இரண்டு ஏபி,
அதில்தான் எனக்குச் சம்பளம்.
அதற்குள் ஒளிந்திருக்கிறது வித்தியாசம்: ஒரு கோடி.
பாலம் எழுந்துகொள்கிறது.
திரையில் ஊசிமுனையாய் ஒரு சிகரம்.
கலப்பதும் வடிப்பதும் ஒரே நடுக்கத்தில்.

வெள்ளிக்கிழமை, மணி ஏழரை. போன்.
சிட்னியிலிருந்து சத்தியசீலன்,
சாட்ஸ்வொர்த்திலிருந்து திலகவதி அக்கா,
ஒரே அழைப்பில், ஒரே நேரத்தில்.
மெர்பேங்க் வீட்டை விற்கிற சண்டை.
ஆங்கிலத்தில்தான் சண்டை, ‘ஐயோ’ மட்டும் தமிழில்.
பதினாலு லட்சம் ரேண்டுக்குக் குறைந்து கையெழுத்தில்லை என்கிறான்.
பதிமூன்று நாற்பதுக்கு ஆள் நிற்கிறான் என்கிறாள்,
ஆலைப் புகைக்கு நடுவில் வேறு எவன் வருவான்?
நான் குடுவையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:
அறுபதாயிரம். அவ்வளவுதானே? நான் தருகிறேன்.

இரு பக்கமும் மௌனம்.
பிறகு அக்கா, மெதுவாக:
“காசா பேசுறோம் இங்கே?”

அப்போதுதான் மின்வெட்டு.
திரைக்கு பேட்டரி உண்டு, பம்புக்கு இல்லை.
ரப்பர் வளையத்தின் வழியே அறைக்காற்று
குடுவைக்குள் கசியத் தொடங்கியது.
சிகரம் தணிந்து மேடானது.
மேடு அகன்று, தேய்ந்து,
இரைச்சலோடு இரைச்சலாய்ப் படுத்துக்கொண்டது.
“விடிய விடிய இறைக்கணும் மறுபடி” என்றாள் நொகுதுலா,
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வால்வை மூடியபடி.

போன் அணையவில்லை.
இருட்டில் அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள்,
ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு யார் நகம் வெட்டியது,
யார் வரவில்லை,
எந்த ஜன்னலை எந்த வருஷம் அப்பா நீலமாக்கினார்.
தம்பி குறுக்கே பேசவில்லை.
மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும்.

எண் ஒன்றும் இல்லை அதில்.
நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.