எந்த வாரம்?

பதினான்கு வருடத் தொட்டி
அடிவயிறு கிழிந்து
ஐம்பது கேலன் வெந்நீரை
நிலவறைத் தரையில் கொட்டிவிட்டு ஓய்ந்தது.
கிறிஸ்துமஸ் பெட்டிகள் மிதந்தன.
வெண்டலின் முதல் கல்யாண ஆல்பமும்.
அவன் முதலில் எடுத்தது அதைத்தான்.
நான் அந்தப் பக்கம் பார்க்காமல்
துடைப்பத்தைத் தேடினேன்.

மூன்று நாள் பச்சைத்தண்ணீர்.
டுலூத்தில், அதுவும் நவம்பரில்,
பச்சைத்தண்ணீர் என்றால்
சுப்பீரியர் ஏரியே குழாய்க்குள் நுழைந்து வருவது.
கை கழுவினால்
விரலில் எத்தனை எலும்பு என்று தெரிந்துவிடும்.

கடைக்காரர் லாஷபெல்
சுவரில் தொங்கிய ஒரு வெள்ளைப் பெட்டியைத் தட்டிக்காட்டினார்.
விமானத்தில் மேலே வைக்கும் சூட்கேஸ் அளவு.
தொட்டி கிடையாது.
குழாயைத் திறந்தால் பற்றும், மூடினால் அணையும்.
"யாரும் கேட்காத வெந்நீரை
ராத்திரி முழுக்கக் காவல் காக்காது" என்றார்.
அந்த வாக்கியம் எனக்கு
என்னவோ செய்தது.

பிறகு பென்சிலை எடுத்தார்.
"வீட்டில் எத்தனை பேர்?"

"எந்த வாரம்?" என்றேன்.

பென்சில் காகிதத்தில் இறங்காமல் நின்றது.

ஒற்றை வாரங்களில் இரண்டு பேர்.
இரட்டை வாரங்களில் ஐந்து:
என் மேவ், என் டெஸ்மண்ட், அவனுடைய டோவே.
ஞாயிறு ஆறு மணிக்கு
இரண்டு கார்கள் இரண்டு திசையிலிருந்து வரும்.
ஹாக்கி மட்டை, கிளாரினெட், ஈர பூட்ஸ்,
ஒருத்தருக்குப் பிடித்த ஷாம்பூ
இன்னொருத்தருக்குப் பிடிக்காது.
டோவேக்குப் பதினான்கு வயது.
நாற்பது நிமிடம் குளிப்பாள்.
என்னோடு பேசத் தேவையில்லாத இடம்
இந்த வீட்டில் அது ஒன்றுதான்.

"சராசரி மூன்றரை" என்றேன்,
நடுத்தர மாடலின் விலைச்சீட்டைப் பார்த்தபடி.

"சராசரி யாரும் தலை அலசுவதில்லை, மேடம்."

கணக்கு போட்டுக் காட்டினார்.
குளிர்காலத்தில் ஏரி முப்பத்தெட்டு டிகிரி.
ஷவருக்கு நூற்றைந்து வேண்டும்.
நடுவில் இருக்கும் அறுபத்தேழையும்
தண்ணீர் ஓடுகிற ஓட்டத்திலேயே ஏற்றவேண்டும்.
பெட்டியில் நிமிடத்துக்குப் பதினொரு கேலன் என்று போட்டிருக்கும்,
அது ஃப்ளோரிடாக்காரர்களுக்கு.
இங்கே ஐந்தரை வந்தால் அதிகம்.
இரண்டு ஷவர், ஒரு பாத்திரம் கழுவும் குழாய்,
அவ்வளவுதான்.
நான்காவதாக ஒருத்தர் திறந்தால்
எல்லோருக்கும் வெதுவெது.

கேஸ் குழாயைப் பருமனாக்க வேண்டும்.
புகை போகச் சுவரில் துளை.
மின்சாரம் போனால் இதுவும் போகும்,
பழைய தொட்டி போல
பனிப்புயல் ராத்திரியில் மிச்சச் சூட்டைத் தராது.

வெண்டல் அதுவரை
ஒரு வார்த்தை பேசவில்லை.
பெரிய மாடலின் மேல் கை வைத்தான்.
"ஐந்து" என்றான்.
"வருடம் முழுக்கவா?" என்றார் லாஷபெல்.
"ஐந்து."

நான் கடன் அட்டையை நீட்டினேன்.

ஒற்றை வாரத்தில் பொருத்தினார்கள்.
வீடு அத்தனை அமைதியாக இருந்ததில்லை.
பழைய தொட்டி நள்ளிரவில் முனகும்,
இல்லாத பிள்ளைகளுக்காகச் சூடேறிக்கொண்டிருக்கும்.
அந்தச் சத்தத்தோடு
ஏழு நாளும் படுத்துப் பழகியிருக்கிறேன்
என்பது
அது நின்றபிறகுதான் தெரிந்தது.

ஞாயிறு.
மாடியில் தண்ணீர் விழும் ஓசை.
கீழே ஒரு சொடுக்கு, பிறகு சின்ன விசிறி இரைச்சல்.
வெண்டலும் நானும் கூரையைப் பார்த்தோம்.

"கோரின்!"

டோவே என் பெயரைக் கத்துவது,
கத்துவது என்ன,
சொல்வதே அபூர்வம்.

"கோரின், ஐஸ் மாதிரி வருது!"

"கொஞ்சம் விட்டுப் பிடி," என்று
படிக்கட்டில் நின்று கூவினேன்,
"இருபது செகண்ட் ஆகும்!"

எண்ணினேன்.
இருபத்தாறு ஆனது.
பதில் இல்லை, கதவும் திறக்கவில்லை.

நிலவறையில் தொட்டி நின்ற இடத்தில்
துரு வட்டம் ஒன்று மிஞ்சியிருக்கிறது.
டெஸ்மண்ட் அதற்குள்
ஸ்கேட்டுகளைக் கழற்றி வைத்துவிட்டான்,
அவனுக்காகவே வரைந்து வைத்ததுபோல.
ஆல்பம் பக்கத்து அலமாரியில் விரித்தபடி உலர்கிறது.
ஒட்டிக்கொண்ட பக்கங்களை
யாரும் இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை.