நூல் சுவர்

பொகவந்தலாவைக்கு மேலே
ஏழு பேர்ச் நிலம்.
காணி வந்துவிட்டது,
உறுதி இன்னும் வரவில்லை.

டீ.ஓ. தந்த பிளானில்
இரண்டு அறை, ஒரு ஹோல், ஒரு குசினி,
எல்லாம் ஒன்றையொன்று முதுகால் முட்டிக்கொண்டு.
வரைந்தவர் ஜூலைக் காற்றைக் கேட்டதில்லை போலும்;
மேற்கே கதவு வைத்திருந்தார்.

கடதாசியைத் திருப்பி
பின்பக்கத்தில் நான் வரைந்தேன்.
அதற்கு முன் ஐந்து ஞாயிறு
வெறும் நிலத்தில் போய் உட்கார்ந்திருந்தேன்,
காலை ஆறுக்கு, பத்துக்கு, பின்னேரம் நாலுக்கு.
வெயில் முதலில் தொடுவது பியர்ஸ் மரத்தடியை.
அங்கே குசினி.
சுவர் இடுப்பளவு போதும்;
ரொட்டி தட்டும்போது
கீழே ஓயா வளைகிற இடம் தெரிய வேண்டும்.

"அட்டை ஏறும்" என்றார் மோகனரூபன்.
"பன்னி வரும்.
நாலு பக்கமும் அடைச்சுக் கட்டு.
பொறந்ததிலிருந்து வெளியிலதானே கெடந்தோம்."

உண்மைதான்.
பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில்
ஆறு பேர் படுத்தோம்.
மற்றதெல்லாம் வெளியே:
குளியல், சண்டை, வீட்டுப்பாடம்,
என்னைப் பெண் பார்த்ததும்கூட.
அடுப்புப் புகைக்கும் எங்களுக்கும்
ஒரே வாசல்.
தகரத்தின் ஆணி ஓட்டைகளில்
மழை கேட்காமல் வந்தது.

இங்கே அதற்கு நானே இடம் வைக்கிறேன்.
ஹோலுக்கு நடுவில் நாலடிக்கு நாலடி
கூரை இல்லாமல்,
கீழே கல் பதித்து,
தண்ணீர் கீரைப் பாத்திக்கு ஓட ஒரு கான்.

சுனந்த பாஸ் தலையைச் சொறிந்தார்.
"நங்கி, வீட்டுக்குள்ள மழையா?
சீமெந்து கூடப் போகும்."
எத்தனை மூடை என்றேன்.
பதினொன்று.
அந்தப் பதினொன்றில்தான்
இப்போது நிற்கிறது வீடு.

நேற்றுப் பின்னேரம்
கவ்வாத்துக் குச்சிகளை ஊன்றி
உரப்பையில் பிரித்த நூலால்
சுவர்களைக் கட்டி முடித்தேன்.
பனி ஏறி வந்தது,
எந்த அறைக்குள் போவதென்று பார்க்காமல்
எல்லாவற்றிலும் புகுந்தது.

மோகனரூபன் வேலை விட்டு வந்தார்,
பூட்ஸில் சேறு.
முழங்கால் உயரத்தில்தான் நூல்,
ஒரே எட்டில் தாண்டியிருக்கலாம்.
சுற்றிப் போய்
கிழக்கே நான் விட்டிருந்த மூன்றடி இடைவெளிக்கு வெளியே
பூட்ஸைக் கழற்றிவிட்டு
உள்ளே வந்தார்.

நாலடிச் சதுரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
அண்ணாந்து மேலேயும் பார்த்தார்.
"மழை நாளையில
துணி எங்க காயப்போடுவே?"

அதை நான் யோசிக்கவே இல்லை.