இடப்பக்க விளக்கு

செந்தூலில் காலை ஐந்தரைக்கு
இருட்டு இன்னும் பாயைச் சுருட்டியிருக்காது.
பள்ளிப் பிள்ளைகளை ஏற்றப் போகும் என் வேனுக்குப்
பத்தொன்பது நாளாய்
ஒரே கண்.

ரோட் டாக்ஸ், பின் டயர் ரெண்டு, சின்னவளின் மூக்குக் கண்ணாடி,
விளக்கு வரிசையில் கடைசியாய் நின்றது.
புதன்கிழமை ஜாலான் ஈப்போ சந்திப்பில்
மோட்டார் போலீஸ்காரர் கண்ணாடியைத் தட்டினார்:
"காக், லாம்பு மாத்தி."
மாத்தி என்றால் அவர் மொழியில் செத்துப்போனது.
என் காதில் மாற்று என்றே விழுந்தது.
சம்மன் எழுதவில்லை.

உதிரிப்பாகக் கடையில் சியூ லிங்
கணக்குப் புத்தகத்தைத் தள்ளிவிட்டு
மூன்று பெட்டி எடுத்து வைத்தாள்.
மஞ்சள், பதினாலு வெள்ளி.
வெள்ளை, நாற்பத்தைந்து,
அட்டையில் ஒரு பனிமலை, மலைமேல் ஒரு கார்,
அது எப்படி அங்கே ஏறியதோ.
எல்ஈடி, நூற்று அறுபது,
வாலில் குட்டியாய் ஒரு காற்றாடி.

கை வெள்ளைக்குத்தான் போனது.
பத்துமலைச் சாலையில் என்னை ஓரங்கட்டிப் போகும்
பெரிய வண்டிகளின் வெளிச்சம் அது.
ஒரு நாளாவது நானும் அப்படி வந்தால் என்ன?

"மழையிலே வெள்ளை, ரோட்டைக் காட்டாது,
மழையைத்தான் காட்டும்" என்றாள்.
எல்ஈடியைத் தொட்டேன்.
"உங்க வேன் கிண்ணம் பழசு. வெளிச்சம் சிதறி
எதிர்ல வர்றவங்க கண்ணுல விழும்."
அந்நேரத்தில் எனக்கு எதிரே வருவது
அநேகமாய்க் குமுதவல்லியின் வேன்.
அவள் வாய்க்கு யார் பதில் சொல்வது?
கையை எடுத்துக்கொண்டேன்.
நூறு வாட் இருக்கா?
"வயர் உருகும்."

சரி, மஞ்சளே. ஒன்று போதும்,
வலப்பக்கம் நன்றாகத்தானே எரிகிறது?
"ஜோடியாத்தான் மாத்தணும்.
ஒண்ணாப் பூட்டினதுல ஒண்ணு போச்சுன்னா
இன்னொண்ணும் ரொம்ப நாள் நிக்காது."
அவள் பல்பைத்தான் சொன்னாள்.
நான் பர்ஸைத் திறந்து
தேவைக்கு மேலே கொஞ்ச நேரம்
உள்ளே பார்த்துக்கொண்டு நின்றேன்.
இரண்டையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை
அவர்தான் பூட்டினார்.

"கண்ணாடியை மட்டும் தொடாதீங்க.
விரல் எண்ணெய் பட்ட இடம் சூடேறி வெடிச்சிடும்."
தினம் ஐந்து தலைக்கு எண்ணெய் வைக்கும் விரல் இது.
இரவு, கார் நிறுத்துமிடத்தில், கைப்பேசியைப் பல்லில் கடித்தபடி
டிஷ்யூ சுற்றி நுனி விரலால்
சுடு கொழுக்கட்டையைத் தூக்குவதுபோல் தூக்கி,
மூன்று கால், மூன்று துளை,
இரண்டு முறை தப்பாய்ப் போய்
மூன்றாம் முறை உட்கார்ந்தது.
எதிர்ச் சுவரில் இரண்டு வட்டம்.
மோட்டார் சைக்கிள்களுக்கு அடியிலிருந்து
பூனை ஒன்று எழுந்து போனது.

மறுநாள் முதல் நிறுத்தம், பி பிளாக்.
கவினேஷ் ஏழு வயது, அதிகம் பேசமாட்டான்,
படிக்கட்டு இருட்டில் நின்று
வேனைக் கண்டதும் ஓடி வருவான்.
இன்று பார்த்தான். பின்வாங்கினான்.
ஹார்ன் அடித்தேன், இன்னும் ஒரு படி மேலே.
வேற வண்டி பக்கம் போகாதே என்று
அம்மா சொல்லி அனுப்பியிருப்பாள்.
கண்ணாடியை இறக்கிக் கூப்பிட்டேன்.
இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினான்,
ரெண்டு, ரெண்டு என்று.

அப்போதுதான் புரிந்தது.
இறங்கி, முன்னால் போய்க் குனிந்து
இடப்பக்க விளக்கை
உள்ளங்கையால் மூடினேன்.
விரல்களின் ஓரம் சிவந்து தெரிந்தது.

வந்தான். ஏறினான். வழக்கமான ஜன்னலோரம்.
பையை மடியில் வைத்து
போகலாம் என்பதுபோல் பார்த்தான்.

பள்ளி வாசலில் விடிந்திருந்தது.
விளக்கு எரியுது என்று ஜாகா கை காட்டினார்.
தெரியும் என்றேன்.
எரியட்டும் கொஞ்ச நேரம்,
இருபத்தெட்டு வெள்ளி.