நாலு இஞ்சிக் கல்

போன மாசம்வரை அது மதில்.
ரஸீன் வீட்டு மாங்கொப்பு
அதன்மேல் கைபோட்டு நிற்கும்.
எங்கள் கால்துடைப்பான் காயும்.

மகளுக்கு அறை வேணுமாம்.
வெள்ளவத்தையில் நிலம் எங்கே கிடக்கிறது?
விமலதாச பாஸ் வந்து
நாலு இஞ்சிக் கல்லில் ஏழு வரி ஏற்றி
தகரம் போட்டார்.

"இது இப்ப தாப்பயா, பித்தியா?"
கரண்டியை வாளியில் தட்டினார்.
"பூசின பக்கம் சுவர், நோனா.
பூசாத பக்கம் மதில்."

எங்கள் பக்கம் பூசவில்லை.
சாந்து பிதுங்கியபடி நிற்கிறது.

நேற்று ராத்திரி
வெளிப் பைப்பில் சட்டி கழுவும்போது
மதிலுக்குள் யாரோ அடித்தார்கள்.
மூன்று அடி. பிறகு
கலண்டர் நேராக இருக்கிறதா என்று
பார்க்கும் அமைதி.

விடியப் பார்த்தால், என் கண்மட்டத்தில்
கல்லிடுக்கால் அரை இஞ்சி ஆணிமுனை.

சொல்லிவிட்டு வரத்தான் செருப்பைப் போட்டேன்.
போகவில்லை.
கரித்துணியைக் கொளுவினேன்.