ஒன்பது சொட்டு

தாராவி மாநகராட்சிப் பள்ளி,
மூன்றாம் வகுப்பு, தமிழ்ப் பிரிவு.
ஜீன்ஸ் பட்டறையில் மிஞ்சிய அளவுத்தாளில்
இருபத்தேழு காகித ஹெலிகாப்டர்கள்.
நீள இறக்கை, குட்டை இறக்கை, அகல இறக்கை.
இசக்கிராஜுடையது மட்டும்
பசை காய்ந்து ஒரு பக்கம் கோணல்.

கேள்வி ஒன்றுதான்:
எது அதிக நேரம் காற்றில் நிற்கும்?

முதல் மாடிக் கைப்பிடிச் சுவரில்
சாக்பீஸால் ஒரு கோடு போட்டோம்.
எல்லாரும் இங்கிருந்துதான். எக்கக் கூடாது.
வாலில் ஒரே ஒரு ஜெம் கிளிப்.
தள்ளாதே, விடு.
இறக்கை மட்டும் வேறு வேறு,
மிச்சமெல்லாம் ஒன்று.
இத்தனையும் சொல்லிவிட்டு
நானே எண்ணத் தொடங்கினேன்:
ஒண்ணு, ரெண்டு, மூணு.

பதினோராவது இறங்கியபோது
நஸ்ரீன் கை தூக்கினாள்.
"டீச்சர், ஜெர்லினுக்கு மட்டும்
வேகவேகமா எண்ணினீங்க.
அதான் அவளுக்கு எட்டு."

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன்.
ஜெர்லின்.
வீட்டுப்பாடத்தில் ஒவ்வொரு தலைப்புக்கும்
ஸ்கேல் வைத்து அடிக்கோடு போடும் ஜெர்லின்.
ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு என்பார்கள்.
என் வெண்ணெய் நாக்கில் இருந்திருக்கிறது,
எனக்கே தெரியாமல்.

போனில் பார்க்கலாம் என்றால் சார்ஜ் இரண்டு சதவீதம்.
வேம்புராஜ் முற்றத்துக் குழாயைக் காட்டினான்.
ஆறு மாதமாக ஒழுகும் குழாய்,
அடியில் யாரோ கவிழ்த்துவைத்த தகர டப்பா.
டக். டக். டக்.
"அதுக்கு யார் பேரும் தெரியாது டீச்சர்."

முதலிலிருந்து ஆரம்பித்தோம்.
ஜெர்லின், ஒன்பது சொட்டு.
நஸ்ரீன், எட்டு.
இடைவேளை மணி அடித்தது;
பள்ளிக்கூடம் முழுக்கக் கை கழுவி, சோறு தின்று,
மறுபடி கை கழுவியது.
அதற்குப் பிறகு விட்டவர்களுக்கு
ஆறு, அஞ்சு, ஆறு.
அந்த அஞ்சு, இசக்கிராஜ்.

அழுவான் என்று நினைத்தேன்.
குழாயடியில் குத்தவைத்து
வெகுநேரம் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.
பிறகு ஜெர்லினின் ஹெலிகாப்டரைக் கடன் வாங்கிக்கொண்டு
மாடிக்கு ஓடினான்.
அதே கோடு, அதே கிளிப்.
வகுப்பே சேர்ந்து எண்ணியது.

ஆறு.

"டேங்க்ல தண்ணி குறையக் குறைய
சொட்டு சோம்பேறி ஆயிடுது டீச்சர்.
காலையில விட்டவங்களுக்கு நிறைய,
எங்களுக்குக் கம்மி."

கரும்பலகை எண்களை அவனே அழித்தான்,
தன் அஞ்சையும் சேர்த்து.
ஒன்பதை மட்டும் கொஞ்சம் அழுத்தி.

"எண்ணவே வேணாம்" என்றாள் ஜெர்லின்,
மூக்கை உறிஞ்சிக்கொண்டு.
"ரெண்டு ரெண்டா விடலாம்.
கடைசியா தரையைத் தொடுறது ஜெயிச்சது."
நஸ்ரீன் உடனே:
"அப்புறம் இடம் மாத்தி இன்னொரு தரம்.
கேட் பக்கம் காத்து அடிக்குது."

மாலை மணிக்கு மிச்சம் நான்கு.
கோணல் இறக்கையும் அதில் ஒன்று,
ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை.
தலைமையாசிரியை எட்டிப்பார்த்து
ஜெயித்தது யார் என்றார்,
அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டுமாம்.
"இன்னும் பார்க்கணும்" என்றது வகுப்பு,
நான் வாய் திறப்பதற்குள்.

இரவு, பரீட்சைத் தாள்கள்.
எப்போதும் மேலிருந்துதான் திருத்துவேன்.
பத்துத் தாளுக்குள் கண் எரியும்,
இருபதுக்கு மேல் சிவப்பு மைக்குக் கோபம் வரும்.
இன்று பெயர் எழுதிய மூலைகளை மடித்தேன்.
சீட்டுக்கட்டு போலக் கலைத்தேன்.
கண்ணை மூடி ஒன்றை உருவினேன்.

மூலை மடிந்துதான் இருந்தது.
ஒவ்வொரு தலைப்பின் கீழும்
நேரான ஒரு கோடு.