நிமிடத்துக்கு நாற்பது

யூகலிப்டஸ் தளிருக்கு ஆறு வாரம் வயது.
புட்டிக்குள்ளேயே வளர்ந்தது, வெயில் அறியாது.
இலையை நூல்நூலாய் நறுக்கி
நொதிக் கரைசலில் மிதக்கவிட்டேன்.
செல்லுலேஸ், பெக்டினேஸ்:
சுவர் தின்னும் இரண்டு வாய்கள்.
கூடவே மானிட்டால், எடைபோட்டு.
அது குறைந்தால் தண்ணீர் உள்ளே பாயும்;
சுவரிழந்த உயிர் வெடித்துவிடும்.
கொல்வதற்கு விஷம் வேண்டாம்,
தூய நீர் போதும்.

இது ஐந்தாவது முறை.
முந்தைய நான்கும் கடுந்தேநீராய்ப் பழுத்தன.
மரத்துக்குக் கோபம் என்றாள் நொம்செபோ.
பினால் என்று நோட்டில் எழுதினேன்.
இரண்டும் ஒன்றுதான்.

இரவு பத்துக்கு
பீட்டர்மாரிட்ஸ்பர்க் அணைந்தது, அட்டவணைப்படி.
ஜெனரேட்டரில் டீசல் இல்லை.
ஆட்டுமேடை நின்ற சத்தம்
அதுவரை அது ஓடியதைச் சொன்னது.
தட்டைக் கையில் எடுத்து
இருட்டிலேயே சுழற்றினேன்.
வேகம் கூடினால் உடையும்,
நின்றால் மூச்சுமுட்டும்.
நொம்செபோ ஜூலுவில் எண்ணினாள், நான் தமிழில்;
பதினேழு பக்கம் யாரோ ஒருத்தி தவறினோம்.
இரண்டரை மணி நேரம்.
மணிக்கட்டு இன்னும் சுழல்கிறது, தூக்கத்தில்.

விடியலில் வடிகட்டி,
சர்க்கரைக் கரைசல்மேல் ஏற்றிச் சுழற்ற
நகக்கண் அகலத்துக்கு ஒரு பச்சை வளையம்.
நுண்ணோக்கியில்
உருண்டை. உருண்டை. உருண்டை.
நேற்றுவரை செங்கல்போல் அடுங்கி நின்றவை
மூலை மறந்து, அண்டைவீடு மறந்து
தொட்டால் சாகும் நிலையில்
எவ்வளவு சாவதானமாய் உருள்கின்றன!

மூன்றாம் நாள் சாயமிட்டுப் புறஊதாவில் பார்த்தேன்.
ஒவ்வொன்றைச் சுற்றியும் மெல்லிய நீலம்.
சுவர்.
இதற்கும் இந்த ஊர்ப் புத்தி வந்தாச்சு என்று
நொம்செபோ மேசையைத் தட்டிச் சிரித்தாள்.
தட்டாதே என்றேன்.

நார்த்டேலில், எங்கள் வாசலில்
மின்வேலி பதிக்கும் ஆட்களோடு
தம்பி தேவாஷன் விலை பேசிக்கொண்டிருந்தான்.
மூணு நாளா லேப்ல என்னதான் செய்தே?
சுவர் எடுத்தேன் என்றேன்.
எவ்வளவு உயரம், என்று கேட்டான்.

ஒன்பதாம் நாள்
முக்கால்வாசி செத்திருந்தன.
ஓரத்தில் ஒன்றின் குறுக்கே மட்டும் ஒரு கோடு.
லென்ஸில் தூசியோ என்று துடைத்தேன்.
கோடு போகவில்லை.
நொம்செபோவைக் கூப்பிடவில்லை,
தேதியைக்கூட எழுதவில்லை,
மேசை அதிருமே என்று
கொஞ்ச நேரம்.