எல்லா மாடியிலும் கதவு

எழும்பூரில் ஒரு பழைய அடுக்ககத்தில்
லிஃப்ட் பார்த்துவிட்டு வருகிறேன்.
தரைத்தளத்திலிருந்து எட்டாவது மாடிக்கு
இருபத்தாறு விநாடி.
புகை அதைவிட வேகம்.
இழுத்து, நெஞ்சில் நிறுத்தி,
தணிகைவேலிடம் தீப்பெட்டியைத் திருப்பித் தருவதற்குள்
மூளைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் பெண்
ஓ.பி. சீட்டின் பின்பக்கம் வரைந்து காட்டினாள்.
மூளைக்குள் சின்னச் சின்னக் கதவுகளாம்.
வேறு யாருக்காகவோ உடம்பே செய்து வைத்தவை.
நிகோடின் அந்த ஆளின் சாயலில் வந்து தட்டுகிறது.
திறந்ததும் உள்ளே ஒரு சொட்டு சந்தோஷம்.
தினம் தினம் கூட்டம் வருவதைப் பார்த்து
மூளை இன்னும் கதவு போடுகிறது.
"அப்பறம் அத்தனை கதவுக்கும் ஆள் வேணும்ல?"
நான் லிஃப்ட் மெக்கானிக் என்று
அவளுக்குத் தெரியாது.

இன்று பதினோராவது நாள்.
மண்டைக்குள் எல்லா மாடியிலும்
கதவு திறக்கிறது, யாருமில்லை, மூடுகிறது.
திறக்கிறது.
விடியற்காலை மூன்றரைக்கு பிரிசில்லா
பல்லைக் கடிக்காதே என்று முதுகில் தட்டுகிறாள்.
நேற்று சட்னியில் உப்பில்லை என்று கத்தினேன்.
உப்பு இருந்தது.

சித்திரை வெயிலிலும் எனக்கு விரல் நுனி சில்லிடும்.
குழிக்குள் இறங்கினால் ஸ்பேனர் பிடி தெரியாது.
கிரீஸ்தான் காரணம் என்று நினைத்திருந்தேன்.
ஒவ்வொரு இழுப்புக்கும்
ரத்தக்குழாய் சுருங்கிப்போகுமாம்,
சுருங்கிய குழாயில்
அதே ரத்தத்தை அடித்து ஏற்ற வேண்டுமாம் இதயம்.
மோட்டார் சூட்டைக் கை வைத்தே கண்டுபிடிப்பவன் நான்.
இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள்
என் மார்பில் கை வைத்துப் பார்த்ததில்லை.

மோப்பம் திரும்பும் என்றும் சொல்லியிருந்தாள்.
பிரிசில்லாவின் தலை எண்ணெய் அல்லது மல்லிப்பூ,
அப்படி எதையோ எதிர்பார்த்திருந்தேன்.
எட்டாம் நாள், சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்தில்,
முதலில் வந்தது கூவம்.
முழுசாக, அடிவண்டல்வரை.
வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தேன்.
"சாவுகிராக்கி, ஓரமா போய்ச் சிரி!"
ஆட்டோக்காரர் கத்தியபோது
அவர் வாயிலிருந்த பீடியும் மணத்தது.
எச்சில் ஊறியது.

இப்போது ரஹமத்துல்லா கடை.
வாழைத்தார் பக்கத்துக் கம்பத்தில் அதே கயிறு,
நுனியில் நாள் முழுக்க அணையாத கங்கு.
யார் வேண்டுமானாலும் குனிந்து பற்றவைத்துக்கொள்ளலாம்.
"ஆளையே காணோம்?" என்கிறார்.
என்னைக் கேட்காமலே கை சட்டைப்பைக்குப் போகிறது.
ஒரு பட்டர் பிஸ்கட் வாங்குகிறேன்.
டீ சொல்லவில்லை.
டீ சொன்னால் மற்றதும் கூடவே வரும்.

தணிகைவேல் நல்லவன்.
புகையை அந்தப் பக்கம் திரும்பி விடுகிறான்.
கடற்காற்று அதை
என் பக்கமே கொண்டு வருகிறது.
நான் தள்ளி நிற்கவில்லை.
மூச்சை இழுக்கவுமில்லை, விடவுமில்லை.
எங்கோ மேலே ஒரு கதவு
திறந்தபடி காத்திருக்கிறது.